மோட்டார் ஆஃப் ஆகும்போது மாடித் தோட்டத்து கன்ட்ரோலர் ஏன் தடுமாறுகிறது?

வடசென்னை கொருக்குப்பேட்டையில் மூன்றாவது மாடியில் தோட்டம். இஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டிக் கணினிச் சில்லு) போர்டு வைத்து நீங்களே செய்த சொட்டுநீர் கன்ட்ரோலர், நான்கு 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு), கீழே சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்ற அரை எச்பி மோட்டார். அந்த மோட்டாரை மாடியில் இருக்கும் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போர்டே நேரடியாக ஆன், ஆஃப் செய்கிறது. மோட்டார் ஒயரும் சம்ப் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் மிதவை) ஒயரும் ஒரே பிவிசி பைப்பில் கீழே இறங்குகின்றன. மோட்டார் ஆஃப் ஆகும் நேரத்தில் டிஸ்ப்ளேயில் குப்பை எழுத்து வருகிறது, சில நாள் போர்டே ரீஸ்டார்ட் ஆகிறது, இரண்டு முறை வால்வு தானாகத் திறந்து டேங்க் காலியாகிவிட்டது. போர்டை இரண்டு தடவை மாற்றியாயிற்று, அடாப்டரும் மாற்றியாயிற்று. வீட்டுக்குப் பின்னால் போகும் ரயில்வே லைன்தான் காரணமா, இதைத் தாங்கும் நல்ல போர்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி போர்டைப் பற்றி இருந்தாலும், உங்களுக்குத் தெரியவேண்டியது மின் குறுக்கீடு எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பதுதான். அது தெரியாமல் இன்னொரு போர்டு வாங்கினால் அதுவும் இதையே செய்யும். தயவுசெய்து இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள்.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பெரிய மோட்டார்களுக்குப் பக்கத்தில் சின்ன சிக்னல்களைக் காப்பாற்றுவதுதான் அந்த வேலையின் பாதி. திருவொற்றியூரில் என் மாடியிலும் கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் இதேபோல ஒரு பெட்டியை நம்பித்தான் வளர்கின்றன. உங்கள் பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

ரயில்வே லைனை முதலில் முடித்துவிடலாம். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பக்கத்தில் நீளமாக, எதிலும் கட்டப்படாமல் தொங்கும் ஒயரில் அது லேசான மின்னழுத்தத்தைத் தூண்டக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கோளாறு மோட்டார் நிற்கும் கணத்தில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரயில் உங்கள் மோட்டார் நிற்பதற்காகக் காத்திருந்து வருவதில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் ஒரு நோட்டில் கோளாறு வந்த நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மோட்டாரோடு ஒட்டிப் போனால் ரயிலை மறந்துவிடலாம்.

இனி நிச்சயமானது. மோட்டார் ஆன் ஆகும்போது கோளாறு வருவதும் ஆஃப் ஆகும்போது வருவதும் ஒன்றல்ல. அரை எச்பி மோட்டார் ஓடும்போது மூன்று, நான்கு ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது வோல்டேஜ் சற்று இறங்கும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போக வர 30 மீட்டர் என்றால் அதன் தடை அரை ஓமுக்குச் சற்று மேல். 18 ஆம்பியர் ஓடினாலும் பத்து வோல்ட்தான் குறையும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடாப்டரை மாற்றியும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆஃப் ஆகும் கணம் வேறு மாதிரி. மோட்டாரும் வால்வும் கான்டாக்டரும் (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான பெரிய ரிலே) உள்ளே செம்புச் சுருள்தான். சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் சட்டென்று நிற்காது. ரிலேயின் இரண்டு முனைகளும் பிரியும்போது, அது அந்தச் சின்ன இடைவெளியையும் தாண்டித் தாவப் பார்க்கும். அந்த முயற்சியில் சுருளின் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரத்துக்கு மேலும் எகிறும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ரிலே கவர் கொஞ்சம் தெளிவாக இருந்தால் உற்றுப் பாருங்கள், நீல நிறத்தில் ஒரு பொறி தெரியும். அந்தப் பொறி ஒரு குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டர். அதோடு இணைந்திருக்கும் ஒயர் முழுக்க அதற்கு ஆன்டெனா. உங்கள் வீட்டில் அந்த ஆன்டெனா மூன்று மாடி நீளம். அதே பைப்புக்குள் ஃப்ளோட் சுவிட்ச் ஒயர் அதை உரசிக்கொண்டே போகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் இதே கோளாறைப் பார்த்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், மகன் செய்துகொடுத்த கன்ட்ரோலர். காலை மோட்டார் நின்றதும் மல்லிகைத் தொட்டிகளுக்கான வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அந்தத் தெருவில் மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அந்தத் தண்ணீர் தொட்டிகளின் வழியாக மாடி ஓடையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. போர்டில் தவறு எதுவும் இல்லை. ஃப்ளோட் சுவிட்ச் ஒயரைப் போர்டின் 35-ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) கொடுத்து, நிரலில் 'உள் புல்-அப்' (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) என்று எழுதியிருந்தார்கள். இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப் கிடையாது. நிரலில் எழுதினாலும் அது வேலை செய்யாது. ஆக, சுவிட்ச் திறந்திருந்த நேரமெல்லாம் அந்தப் பின் எதிலும் கட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பைப்பில் பக்கத்தில் மோட்டார் ஒயர். மோட்டார் நின்றதும் வந்த துடிப்பை 'டேங்க் நிரம்பிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு நிரல் அடுத்த வேலையான வால்வைத் திறந்தது. பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டீ விலை ஆகவில்லை. அன்றோடு நின்றது.

உங்கள் வீட்டிலும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஃப்ளோட் சுவிட்ச் எந்தப் பின்னில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இப்போது கண்டுபிடிக்கும் முறை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் குறைந்தது இருபது தடவை ஆன், ஆஃப் செய்து எத்தனை தடவை தடுமாறியது என்று எழுதுங்கள். இருபது தடவை தொடர்ந்து போட்டால் மோட்டார் சூடாகும், நடுவில் ஓய்வு கொடுங்கள். முதலில் ரிலேயிலிருந்து மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் சொடுக்க விடுங்கள். கோளாறு வரவில்லை என்றால் போர்டும் ரிலேயும் நிரலும் சரி, பிரச்சினை பொறியில்தான். அடுத்து மோட்டார் இருந்த இடத்தில் ஒரு 100 வாட் குண்டு பல்பு மாட்டுங்கள். அதிலும் வரவில்லை, மோட்டாரில் மட்டும் வருகிறது என்றால் சுருளின் வேலை என்பது உறுதி.

அப்புறம் மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு, இஎஸ்பி32-ஐ மட்டும் ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். அடாப்டரையும் வால்வுகளையும் முழுக்கக் கழற்றிவிட வேண்டும், கிரவுண்ட் ஒயர் உட்பட. அப்படியும் தடுமாறினால் குறுக்கீடு மின்சப்ளை வழியாக வரவில்லை, ஒயர்கள் வழியாக வருகிறது. கடைசியாக, வெளியே போகும் சென்சார் ஒயர்களை ஒவ்வொன்றாகப் போர்டிலிருந்து பிடுங்குங்கள். எந்த ஒயரைப் பிடுங்கியதும் அமைதியாகிறதோ அதுதான் வாசல். இந்த நான்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும். சோதிக்கும்போது லேப்டாப்பை யுஎஸ்பியில் மாட்டி வைக்காதீர்கள். சார்ஜரில் இருக்கும் லேப்டாப், கிரவுண்டுக்கு ஒரு புது வழியைத் திறந்து முடிவையே மாற்றிவிடும்.

லேப்டாப் இல்லாமல் எப்படித் தெரியும் என்றால், இஎஸ்பி32 தான் ஏன் ரீஸ்டார்ட் ஆனோம் என்பதைத் தானே சொல்லும். esp_reset_reason() என்ற ஃபங்ஷன் ஒரு எண் தரும். நிரலின் தொடக்கத்தில் அதை எடுத்து நேரத்தோடு ஃபிளாஷ் மெமரியில் சேமித்துக்கொள்ளுங்கள். 9 வந்தால் பிரவுன்அவுட், அதாவது சப்ளை வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. 1 வந்தால் சப்ளை முழுக்கவே போய் வந்திருக்கிறது. 5, 6, 7 வந்தால் வாட்ச்டாக், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. 4 வந்தால் நிரல் நொறுங்கியிருக்கிறது. இதில் மட்டும் உங்கள் நிரலின் பிழையா, வெளியிலிருந்து வந்த துடிப்பா என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

குப்பை எழுத்துக்குத் தனிக் காரணம் உண்டு. 16 எழுத்து, 2 வரி எல்சிடிக்குப் பின்னால் ஐ2சி (இரண்டே சிக்னல் ஒயரில் சில்லுகள் பேசிக்கொள்ளும் முறை) சில்லு ஒட்டியிருக்கும் வகை என்றால், அது ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாகத்தான் அனுப்புகிறது. நடுவில் ஒரே ஒரு கள்ளத் துடிப்பு வந்துவிட்டால், முதல் பாதியை இரண்டாம் பாதி என்று எல்சிடி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பாகவே விழும், மறுபடி தொடக்கக் கட்டளை கொடுக்கும்வரை. ஆகவே, திரை குப்பையாக இருந்து வால்வுகள் மட்டும் நேரத்துக்குச் சரியாக ஓடினால் மூளை நன்றாக இருக்கிறது, டிஸ்ப்ளே ஒயர்தான் மாட்டியிருக்கிறது. அந்த ஒயரை ஒரு சாணுக்குள் வையுங்கள். ஐ2சி ஒரே பெட்டிக்குள் பேசுவதற்காக உருவானது, பத்தடி தள்ளிப் பேசுவதற்காக அல்ல.

சரி, சரிசெய்வது. பொறி பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் எப்போதும் மலிவு. ஒவ்வொரு 12 வோல்ட் வால்வின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, அதன் வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில். பெட்டிக்குள் வைக்காமல் வால்விலேயே வைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் நடுவில் உள்ள நீண்ட ஒயர் ஆன்டெனா ஆகாமல் இருக்கும். டையோடு போட்டால் வால்வு மூடுவதற்குக் கண் இமைக்கும் நேரம் தாமதமாகும், செடிக்கு அது தெரியாது. இது டிசி வால்வுக்கு மட்டும். 24 வோல்ட் ஏசி வால்வு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், டையோடைத் தொடவே வேண்டாம், எரிந்துவிடும். அதற்கு 30 வோல்ட் ஏசி அளவிலான வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறினால் அதை உறிஞ்சிக்கொள்ளும் பாகம்) போட வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். குறுக்கீட்டைவிட இது பெரிய ஆபத்து. நீல நிறச் சின்ன ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். அது பல்பு, ஹீட்டர் மாதிரி நேரான சுமைக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் அதன் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. சம்ப் வற்றினாலும் ஓடும், மோட்டார் எரியும். அதனால் ரிலே ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்தக் கான்டாக்டரைக் கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இப்போது மோட்டார் கரண்ட் மூன்று மாடி ஏறி, உங்கள் போர்டைத் தொட்டுவிட்டு, மூன்று மாடி இறங்குகிறது. அதற்குத் தேவையே இல்லை. கீழே வைத்துவிட்டால் மாடிக்கு வருவது காயிலுக்கான ஒரு சின்ன கரண்ட் மட்டும். உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடும் என்பது என் கணிப்பு.

கான்டாக்டர் காயிலும் சுருள்தான், அதற்கும் ஒரு அடக்கி வேண்டும். ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். சாதாரணக் கெப்பாசிட்டரை 230 வோல்ட்டில் போட்டுவிடாதீர்கள். சிலர் இதை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடச் சொல்வார்கள். அங்கே போட்டால், ரிலே ஆஃபில் இருக்கும்போதும் அதன் வழியாக 7 மில்லியாம்ப் போல கசிந்துகொண்டே இருக்கும். மாடியில் ஈரக் கையோடு வேலை செய்யும் இடத்தில் அது எனக்குப் பிடிக்காது, சின்ன காயில் சில நேரம் விடாமல் முனகவும் செய்யும். 230 வோல்ட் பக்கத்து வேலை எல்லாவற்றையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் கையில் கொடுங்கள். 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சட்டென்று துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்தப் பெட்டியை ஓட்டவே வேண்டாம்.

ரிலே போர்டில் இன்னொன்று பார்க்க வேண்டும். ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சில்லு) உள்ள போர்டுகளில் ஜேடி-விசிசி, விசிசி என்ற இரண்டு முனைகளை இணைத்து ஒரு சின்ன ஜம்பர் மாட்டியே விற்பார்கள். அது மாட்டியிருக்கும்வரை ரிலே காயிலும் உங்கள் மூளையும் ஒரே சப்ளையில்தான் இருக்கின்றன, ஆப்டோகப்ளர் இருந்தும் பயன் இல்லை. ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்து, விசிசியை 3.3 வோல்ட்டில் கொடுங்கள். ரிலே பக்கத்து கிரவுண்டையும் இஎஸ்பி32 கிரவுண்டையும் சேர்க்காதீர்கள். இஎஸ்பி32-இன் சப்ளை முனையில் ஒரு 470 மைக்ரோஃபாரட், கூடவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். வைஃபை அனுப்பும்போது அது திடீரென்று அரை ஆம்பியர் வரை இழுக்கும், அந்த நேரத்தில் பக்கத்திலேயே கொஞ்சம் சேமிப்பு இருக்க வேண்டும்.

சென்சார் ஒயரைத் தனி பைப்பில் கொண்டுபோங்கள். மோட்டார் ஒயரைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள், பக்கத்தில் சேர்ந்து ஓட விடாதீர்கள். லேன் கேபிளின் முறுக்கிய ஜோடி ஒன்றில் சிக்னலும் அதன் கிரவுண்டும் போகட்டும். மூன்று மாடி இறங்கும் ஃப்ளோட் சுவிட்சுக்கு நான் இன்னும் ஒரு படி போவேன்: 3.3 வோல்ட்டில் இயக்காமல் 12 வோல்ட்டில் இயக்கி, பெட்டிக்குள் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் வழியாக எடுப்பேன். சில மில்லியாம்ப் ஓடினால்தான் அது 'ஆன்' என்று ஏற்கும், கள்ளத் துடிப்புக்கு அந்த பலம் கிடையாது. தண்ணீர் அளக்க ஒய்எஃப்-எஸ்201 மீட்டர் வைத்திருந்தால், அது லிட்டருக்கு 450 துடிப்பு கொடுக்கும். வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்போது மோட்டாரை ஆஃப் செய்து, எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அது தண்ணீர் இல்லை, குறுக்கீடு. அதுவே நல்ல சோதனைக் கருவி.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல்காற்று ஸ்க்ரூ டெர்மினல்களைச் சும்மா விடாது. ஒரு மழைக்காலம் போனால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். களிம்பு ஏறிய இணைப்பும் தளர்ந்த இணைப்பும் தாமே பொறி விடும். அப்போது நீங்கள் மோட்டாரைத் தொடாத நேரத்திலும் கோளாறு வரும், அதற்கு எந்த ஒழுங்கும் தெரியாது. கொருக்குப்பேட்டை கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தாலும் திறந்து பாருங்கள். ஒயர் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, லக் போட்டு இறுக்குங்கள். எர்த்தையும் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் ஒயரே இருக்காது. உலோகப் பெட்டியில் வரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையை அதில் மாட்டினால், உள்ளே இருக்கும் ஃபில்டர் குறுக்கீட்டை அனுப்ப இடமில்லாமல் நிற்கும், பெட்டி உடம்பும் லேசாக ஷாக் அடிக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும்.

நிரலில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஃப்ளோட் சுவிட்ச் தொடர்ந்து இரண்டு விநாடி ஒரே நிலையில் இருந்தால் மட்டும் நம்புங்கள். மோட்டார் ஆஃப் செய்த அரை விநாடிக்கு எந்த சென்சாரையும் படிக்காதீர்கள், அதன்பின் எல்சிடிக்கு மறுபடி தொடக்கக் கட்டளை கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் எல்லா வால்வும் மூடிய நிலையிலிருந்தே தொடங்கட்டும். எந்த வால்வும் இத்தனை நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று ஒரு எல்லை வையுங்கள். ஆனால் ஒயரிங்கைச் சரிசெய்யாமல் நிரலால் மட்டும் மூடி மறைக்க வேண்டாம். இன்னொரு குழப்பமும் உண்டு: இஎஸ்பி32-இன் சில பின்கள் பூட் ஆகும்போது தாமாகவே ஒரு கணம் துடிக்கும். ரீஸ்டார்ட் ஆனவுடன் ஒரு வால்வு டிக் என்று அடித்தால் அது குறுக்கீடாக இல்லாமல் இதுவாக இருக்கலாம். 0, 2, 5, 12, 15-ஆம் பின்களில் ரிலே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

நான்கு சோதனையையும் முடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இருபதுக்கு எத்தனை என்ற கணக்கையும், ரீசெட் எண்ணையும், ஃப்ளோட் சுவிட்ச் எந்தப் பின்னில் இருக்கிறது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். பெட்டியைத் திறந்து, மெயினை ஆஃப் செய்துவிட்டு எடுத்த ஒரு படமும் போடுங்கள். ஒயர்கள் எந்தப் பக்கம் நுழைகின்றன என்று தெரியும்படி இருந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன். அதுவரை இரவில் தூங்கப் போகும்முன் டேங்கிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கேட் வால்வைக் கையால் மூடிவிடுங்கள்.